வரைபடத்தில் வெள்ளை விட்ட இடம்

அத்தியாயம் பதினொன்று

அன்று வெயில் அடித்ததா, தூறலா என்பதில் எனக்கு இப்போது நிச்சயம் இல்லை. அம்மா சாரதாம்பாளின் நினைவில் அது கண் கூசும் வெயில் நாள். மகள் விஜயாவைக் கேட்டால், காலையிலிருந்தே வானம் மூடிக் கிடந்தது என்பாள். ஒரே வீட்டில் ஒரே நாளைத்தான் இருவரும் கழித்தார்கள். பயந்து கழித்த நாளை யாரும் முழுசாக வைத்திருப்பதில்லை போலும். நான் சாரதாம்பாளின் பக்கம் நின்று எழுதுகிறேன். தப்பாக இருந்தால் வெயில்தான் தப்பு, மற்றதெல்லாம் நடந்தது.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து முதல் ஆண்டு நிறையப் போகிற ஆகஸ்டு. பள்ளி விடுமுறை. காஜா பேராங்கில் வாடகை வீடு. நில அளவை அலுவலகத்தில் படம் வரையும் கருணாகரன், தன் இரண்டு பெண்களுக்காக ஒரு நாட்டையே கண்டுபிடித்திருந்தான் என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை.

மலாக்கா நகரம்தான் அந்த நாடு. தெருக்கள் அதேதான், பெயர்கள் வேறு. ஆறு அங்கே பாம்பாறு. புக்கிட் சீனா தூங்கும் பூதங்களின் மலை. தெங்கேரா உப்பு ராணியின் சீமை. காஜா பேராங் என்றால் மலாயில் சினங்கொண்ட யானை என்பதால், அவர்கள் வீடு யானை காக்கும் கோட்டை. மூத்தவள் விஜயா அந்த நாட்டு மருத்துவச்சி. பத்து வயது மல்லிகா வழி காண்பவள். சனிக்கிழமைதோறும் கருணாகரன் ஒரு கதையை ஆரம்பித்து வைப்பான். எங்கோ ஒரு மரத்தடியிலோ மதகின் இடுக்கிலோ பால் டின் ஒன்று ஒளிந்திருக்கும். பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்தால் கதை நகரும். கண்டுபிடிக்காவிட்டால் அடுத்த சனி வரை பூதம் தூங்கும்.

பிள்ளைகள் வழி தப்பிவிடக் கூடாதென்று, போகிற பாதையெல்லாம் சுண்ணாம்பால் குறி போட்டு வைப்பான். அம்பு என்றால் போகலாம். பெருக்கல் குறி என்றால் அதோடு நில்.

அந்தக் குறிகளைப் பற்றிய சண்டையில்தான் போன வாரம் விட்டோம்.

“அம்பைப் பார்த்து நடக்கறதுக்குப் பேரு விளையாட்டாப்பா? அது டவுன் பஸ்ஸு” என்று சொல்லிவிட்டு மல்லிகா அழுதாள்.

சாரதாம்பாளின் தம்பி தேவதாஸ், கித்தா என்கிற ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து இவர்களோடு தங்கி மோட்டார் பட்டறையில் வேலை பழகுகிறவன், தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். “நாட்டுக்கே மெர்டேக்கா குடுத்துட்டான் வெள்ளைக்காரன். நீங்க பெத்த பிள்ளைக்குக் குடுக்க மாட்டேங்குறீங்களே மச்சான்!”

“கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறவனுக்குத்தான் தெரியும், குழி எங்க இருக்குன்னு” என்றான் கருணாகரன். அவன் சிரிக்கவில்லை.

சாரதாம்பாள் செய்தது வேறு.

வியாழக்கிழமை காலை கூனி இறால் வாங்க உஜோங் பாசிர் வரை போயிருந்தாள். போர்த்துகீசியர் குடியிருப்பைத் தாண்டி, தென்னந்தோப்பு முடிகிற இடத்தில், கடைசி மரத்தில் அவள் கணவனின் பெருக்கல் குறி பளிச்சென்று இருந்தது. அதற்கு நாலடி தள்ளிக் கடல் புரண்டுகொண்டிருந்தது. அந்தக் குறியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கித்தா தோட்டத்திலிருந்து பதினேழு வயதில் கல்யாணம் ஆகி வந்தவள். எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தக் கடையில் சாமான் வாங்கலாம், எந்த வீட்டு வாசலில் நின்று பேசலாம் என்று வந்த நாளிலிருந்து யாராவது சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். முந்தானையைக் கடல்நீரில் நனைத்துக் குறியைத் துடைத்துவிட்டாள். கடலைப் பார்த்தால் பிள்ளை தானாகத் திரும்பிவிடும். அதற்கு எதற்குச் சுண்ணாம்பு?

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

*

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து கருணாகரன் வந்தபோது சோறு வடித்தாகிவிட்டது. முந்தின நாள் அமாவாசை, வீட்டில் மரக்கறி. இன்றைக்கு நெத்திலிக் குழம்பு. விஜயா ராத்திரிச் சோற்றுக்கு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“சின்னவ எங்க?”

“விளையாடப் போனா. காலையிலேயே பசியாறிட்டு ஓடிட்டா” என்றாள் சாரதாம்பாள்.

கருணாகரன் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான்.

“இன்னிக்கு நான் கதையே சொல்லலையே.”

சாரதாம்பாள் கரண்டியைக் கீழே வைத்தாள். ஏன் வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கைக்கு முதலில் தெரிந்துவிட்டது.

வாசலுக்கு வந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் சிட்டி வீட்டு அம்மாள், சரோங்கும் கெபாயா சட்டையுமாக, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் காலத்திலேயே மலாக்காவில் குடியேறிய தமிழ் வணிகர் வழி வந்த சிட்டிகள் கும்பிடுவது மாரியம்மனை, பேசுவது மலாய். இத்தனை வருடத்தில் சாரதாம்பாளுக்கு அது பழகியிருந்தது.

“அனா லு சூடா பிகி” என்றாள் அந்த அம்மாள். உன் பிள்ளை போய்விட்டாளே. பிறகு சிரித்துக்கொண்டே தோளில் கம்பு சாய்த்து நடந்து காட்டினாள். கம்பின் நுனியில் ஒரு துணியாம். சிப்பாய் போலப் போனாளாம். நகரத்துப் பக்கம்.

சாரதாம்பாள் உள்ளே வந்தபோது கருணாகரன் விஜயாவின் முன் குந்தியிருந்தான்.

“எங்க போறேன்னு சொன்னாம்மா?”

விஜயா அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். “வெள்ளைக்குப் போறேன்னா.”

“எந்த வெள்ளை?”

“படத்துல வெள்ளையா இருக்குல்லப்பா, அது. என்னையும் கூப்பிட்டா. நீங்க கதை சொல்லாம நான் வரமாட்டேன்னுட்டேன்.”

சுவரில் அந்த நாட்டின் படம் ஆணியடித்துத் தொங்கியது. கருணாகரன் ஆபீசில் வரைகிற அதே முறையில், அதே மையில், மெழுகுத் துணியில் வரைந்தது. ஒவ்வொரு மனைக்கும் ஒரு நிறம், சாலைக்கு ஒரு நிறம், ஆற்றுக்கு நீலம். கடல் ஏறும்போது மூழ்கி, வற்றும்போது வெளியே வருகிற சேற்று நிலம் யார் பேரிலும் பட்டா ஆகாது. அதனால் ஆபீஸ் படத்தில் அதற்கு நிறம் கிடையாது, வெள்ளையாக விடுவார்கள். கை பழகிய பழக்கத்தில் பிள்ளைகள் படத்திலும் அவன் அப்படியே விட்டிருந்தான். இங்கே வெள்ளை என்றால் என்ன அர்த்தம் என்று அவனுக்கு விளக்கம் தேவைப்பட்டதில்லை. மல்லிகாவுக்குத் தேவைப்பட்டது. ஒரு நாள் கேட்டாள். அவன் தன் கதையின் சுகத்தில் சொல்லிவிட்டான்: “அது இன்னும் யாரும் போகாத சீமை. முதல்ல போய்க் கொடி நடறவங்க பேர் வைக்கலாம்.”

சொன்னது இப்போது நினைவுக்கு வந்ததை அவன் முகம் காட்டியது.

“நேத்து அமாவாசை” என்றான். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. “அமாவாசைக்கு மறுநாள் கடல் ரொம்ப தூரம் உள்ள வாங்கும், சாரதா. அப்புறம் ஒரே மூச்சுல ஏறும். எங்க ஆபீஸ் ஆளுங்களே நிலம் அளக்கற சங்கிலியைப் போட்டுட்டு ஓடி வந்திருக்காங்க.”

அவள் வியாழக்கிழமை பார்த்த கடலை நினைத்தாள். மரத்திலிருந்து நாலடி. அது உள்ளே வாங்கும் என்று அவளுக்குத் தெரியாது. தோப்பு முடிந்த பிறகும் நிலம் இருக்கும், வெறும் வெள்ளை நிலம், கண்ணுக்கெட்டிய வரைக்கும், பிள்ளையைப் பார்த்து வா என்று விரிந்து கிடக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

அப்போதுதான் தேவதாஸ் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். கையெல்லாம் எண்ணெய்க் கறுப்பு.

“என்னக்கா, குழம்பு வாசனை முச்சந்தி வரைக்கும் அடிக்குது, இங்க யாரு முகத்துலயும் பசியே காணோம்?”

கருணாகரன் இரண்டு வாக்கியத்தில் சொன்னான். பிறகு படத்தின் முன் போய் நின்றான். வெள்ளை இரண்டு இடத்தில் இருந்தது. மேற்கே தெங்கேரா கடலோரம். கிழக்கே உஜோங் பாசிர்.

“ரெண்டு எடத்துலயும் பெருக்கல் குறி போட்டிருக்கேன்” என்றான். “எதைத் தாண்டினாளோ தெரியல. தேவா, நீ தெங்கேராவுக்குப் போ. நாங்க உஜோங் பாசிர் போறோம்.”

சாரதாம்பாள் வாயைத் திறந்தாள். தெங்கேராவில் குறி அப்படியே இருக்கும். துடைத்தது உஜோங் பாசிரில். பிள்ளை போனதும் அங்கேதான். சொல்ல இரண்டு வார்த்தை போதும். சொன்னால் இந்தச் சமையலறையில், மூத்தவள் முன்னால், தம்பி முன்னால், கணவன் அவளைப் பார்க்கிற பார்வையைத் தாங்க வேண்டும்.

தேவதாஸ் சிலுவாரை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டிருந்தான். “பயப்படாதக்கா. உன் மக பூதத்துக்கே வழி சொல்லிட்டு வருவா” என்றான். சிரிக்கப் பார்த்தான். உள்நாட்டுத் தோட்டத்தில் வளர்ந்தவன். மலாக்காவுக்கு வந்துதான் கடலையே பார்த்தான். சைக்கிளில் ஏறி மிதித்துப் போய்விட்டான்.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

“விஜயா, நீ வீட்டுலயே இரு. மல்லிகா வந்தா எங்கேயும் விடாத. நீயும் நகராத” என்றான் கருணாகரன்.

*

சைக்கிளின் பின்பக்கம் ஒரு பக்கமாக உட்கார்ந்து, அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பாலம் கடந்தார்கள். பண்டார் ஹிலிர் திடலில் மெர்டேக்கா விழாவுக்கு வளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவன் உயரத்தில் நின்று சுத்தியலால் அடிக்க, கீழே நின்றவன் மலாயில் கிண்டல் செய்து சிரித்தான். உலகம் இப்படி இருக்க முடிகிறதே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

சாலை ஆளரவமற்றுப் போன இடத்தில், அவன் முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

“உஜோங் பாசிர்ல குறி இல்லைங்க.”

“போட்டேனே.”

“நான் துடைச்சிட்டேன். வியாழக்கிழமை.”

அவன் திரும்பவில்லை. மிதிப்பது நின்றது. சைக்கிள் தானாகக் கொஞ்ச தூரம் உருண்டது, கிர்ரென்ற சக்கரச் சத்தத்தோடு. அவள் விழப்போகிறோம் என்று நினைத்தாள். விழுந்தால் நல்லது என்றும் நினைத்தாள். பிறகு அவன் மிதிக்க ஆரம்பித்தான், முன்னைவிட வேகமாக. அவன் சட்டை வியர்வையில் நனைந்து, அவள் பிடித்திருந்த இடம் மட்டும் கசங்கிப் போயிருந்தது.

தென்னந்தோப்பு முடிகிற இடத்தில் சைக்கிளைத் தரையில் போட்டார்கள். கடைசி மரத்தில் மங்கலாக ஒரு வெள்ளைப் பூச்சு. அதன் அடியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, பள்ளிக்கூட வாசலில் விடுவது போல ஒழுங்காக வைத்திருந்தது.

கடல் இல்லை.

இருந்தது, எங்கோ. அதற்கு முன்னால் சாம்பல் நிறத்தில் ஒரு வெளி, வெயிலில் மினுமினுத்துக்கொண்டு, வானம் வரை போனது. அதன் நடுவில், மீனை மடக்க நட்டு, இடிந்துபோன மீன்பட்டியின் குச்சிகளுக்குப் பக்கத்தில், மஞ்சளாக ஒரு புள்ளி. புள்ளியின் மேலே சின்னதாக ஒரு துணி ஆடிக்கொண்டிருந்தது.

“மல்லிகா!”

கருணாகரன் ஓடினான். நாலாவது எட்டில் முழங்கால் வரை புதைந்து, கையை ஊன்றி விழுந்தான். எழுந்தான். அப்போதுதான் இருவரும் பார்த்தார்கள். அந்த வெளியின் குறுக்கே, கரைக்கும் பிள்ளைக்கும் நடுவே, ஒரு கோடு நகர்ந்துகொண்டிருந்தது. தண்ணீர். சத்தமே இல்லாமல், ஒரு பள்ளத்தின் வழியாகப் பக்கவாட்டில் வந்துகொண்டிருந்தது. பிள்ளையின் முதுகுக்குப் பின்னால்.

“மல்லிகா! ஓடி வா! நேரா ஓடி வா!”

மஞ்சள் புள்ளி திரும்பியது. கையை ஆட்டியது. பிறகு நேராக அவர்களை நோக்கி நடக்கத் தொடங்கியது. ஐந்தாறு எட்டு வைத்ததும் சட்டென்று குட்டையாகிவிட்டது.

“நில்லு! அசையாத! அங்கேயே நில்லு!” என்று கத்தினான். அதே மூச்சில், “வலது பக்கம்! வலது பக்கம் வா! ஐயோ, உன் வலது பக்கம் இல்லம்மா, என் வலது…”

பிள்ளை கால்களை உருவிக்கொண்டு எழுந்தது. வலது பக்கம் ஒரு எட்டு, இடது பக்கம் ஒரு எட்டு. பிறகு நின்றுவிட்டது. காற்று கடலிலிருந்து வீசிற்று. அவன் கத்துவதில் பாதிதான் அங்கே போய்ச் சேரும் என்று சாரதாம்பாளுக்குப் புரிந்தது. பாதி சொல் முழுச் சொல்லைவிடப் பொல்லாதது. அவன் கத்தக் கத்தப் பிள்ளை ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றித் திரும்பியது. கோடு அகலமாகிக்கொண்டிருந்தது.

சாரதாம்பாள் அவன் வாயைப் பொத்தினாள்.

பதினைந்து வருடக் குடும்ப வாழ்வில் அவனை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. இப்போது கையால் அவன் வாயை அழுத்தி, “பேசாதீங்க” என்றாள். “அங்க போனவளுக்கு வந்த வழி தெரியும். நீங்க கத்தினா அது மறந்து போகும். பேசாதீங்க.”

“சாரதா, தண்ணி…”

“பேசாதீங்க!”

அவன் வாயை மூடினான். அதன் பிறகு அந்தக் கரையில் ஒரு சத்தமும் இல்லை.

அந்த மௌனத்தைப் பற்றிச் சாரதாம்பாள் பிற்காலத்தில் யாரிடமும் பேசியதில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பெற்ற பிள்ளை சாவின் பக்கத்தில் நிற்க, வாயைத் திறக்காமல் இருப்பது. அவள் பல் உதட்டில் பதிந்து ரத்தம் வந்தது. கணவனின் மணிக்கட்டைப் பிடித்திருந்த கை தன்னுடையது என்பதே மறந்துபோயிற்று.

மல்லிகா கரையைப் பார்த்தாள். சத்தம் நின்றுபோனது அவளுக்கும் விநோதமாக இருந்திருக்க வேண்டும். கீழே குனிந்து பார்த்தாள். பிறகு கரைக்கு முதுகைக் காட்டி, கடலை நோக்கி நடந்தாள்.

கருணாகரனிடமிருந்து ஒரு முனகல் எழுந்தது. சாரதாம்பாள் அவன் மணிக்கட்டில் நகத்தை அழுத்தினாள். அவளுக்கும் உயிர் போய்க்கொண்டுதான் இருந்தது. எதற்கு அந்தப் பக்கம் போகிறாள்? நான் செய்தது தப்போ? இப்போதாவது கூப்பிடட்டுமா?

கூப்பிடவில்லை.

பிள்ளை மீன்பட்டிக் குச்சிகள் வரை போனாள். நட்டிருந்த கம்பைப் பிடுங்கிக்கொண்டாள். அங்கிருந்து பக்கவாட்டில் திரும்பினாள். சேறு அங்கே வேறு நிறமாக இருந்தது, வெளிறி, சொரசொரப்பாக. சிப்பி குவிந்து இறுகிய திட்டு. அதன் மேல் அவள் கால் புதையவில்லை. கம்பை முன்னால் குத்திக் குத்திப் பார்த்து நடந்தாள். வரும்போதும் அப்படித்தான் வந்திருக்கிறாள்.

அந்தத் திட்டு வளைந்து எங்கே கரையை நெருங்குகிறது என்று சாரதாம்பாள் கண்ணாலேயே தேடினாள். தோப்பிலிருந்து தள்ளி, தண்ணீர் வந்த பள்ளத்துக்கு அந்தப் பக்கம். பிள்ளைக்கு இணையாகக் கரையோரம் நடந்தாள். ஓடவில்லை, ஓடினால் பிள்ளையும் ஓடும். மல்லிகா ஒரு முறை தலையைத் தூக்கி, அம்மா எங்கே போகிறாள் என்று பார்த்தாள். பிறகு தன் காலடியைப் பார்த்தாள்.

திட்டின் முடிவில் அந்தப் பள்ளம் இருந்தது. இப்போது நிறைந்து, பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. மல்லிகா அதன் அந்தப் பக்கம் வந்து நின்றாள். முகம் தெரிகிற தூரம். வாய் கோணிக்கொண்டிருந்தது. அழவில்லை.

எவ்வளவு ஆழம் என்று சாரதாம்பாளுக்குத் தெரியாது. தெரியாததை எப்படிச் சொல்வாள்? புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள். நீச்சல் அறியாதவள். முழங்கால். தொடை. இடுப்பு. கால் கட்டைவிரலால் அடியைத் துழாவி, நடுப்பள்ளம் வரை போய், அங்கேயே நின்றாள். இடுப்புக்கு ஒரு முழம் மேலே தண்ணீர். கையை நீட்டினாள். வா என்று சொல்லவில்லை. இவ்வளவுதான் ஆழம், பார்த்துக்கொள் என்பதுபோல நின்றாள்.

மல்லிகா பார்த்தாள். கம்பைத் தண்ணீரில் ஊன்றினாள். ஒரு எட்டு. இன்னொன்று. தண்ணீர் அவள் மார்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது. கம்பு கையிலிருந்து நழுவி ஓடியது. அந்தக் கணத்தில் சாரதாம்பாளின் விரல்கள் அவள் சட்டைக் காலரைப் பிடித்தன.

*

கரையில் மூன்று பேரும் சேற்றில் உட்கார்ந்திருந்தார்கள். மல்லிகா நடந்து வந்த சிப்பித் திட்டு அதற்குள் தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. அப்படி ஒரு இடம் இருந்ததற்கே அடையாளம் இல்லை.

மல்லிகாதான் முதலில் பேசினாள். பற்கள் குளிரில் தந்தியடித்தன. “நீங்க கத்தறப்போ எனக்கு வந்த வழியே மறந்து போச்சுப்பா.”

கருணாகரன் தலையை ஆட்டினான்.

“அப்பா, அங்க தண்ணி வரும்னு ஏன் சொல்லல?”

அவன் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “சொல்லியிருந்தா நீ போயிருக்க மாட்டே.”

“போயிருப்பேன்” என்றாள் மல்லிகா. “தண்ணி வர்றதுக்கு முன்னாடி திரும்பி வந்திருப்பேன்.”

இத்தனை அம்பு, இத்தனை பெருக்கல் குறி. நில் என்று சொன்னவன், எதற்காக நிற்க வேண்டும் என்று ஒரு தடவை சொல்லவில்லை. சாரதாம்பாள் அந்தக் குறியையும் துடைத்துவிட்டு வந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அவன் தன் சட்டையைக் கழற்றிப் பிள்ளையின் தலையைத் துவட்டினான். பிறகு, அவள் எதிர்பாராமல், சாரதாம்பாளின் உதட்டில் இருந்த ரத்தத்தையும் அதே சட்டையால் துடைத்துவிட்டான்.

வீடு வந்து சேரும்போது அந்தி. வாசல் இருட்டாக இருந்தது. விளக்கு ஏற்றவில்லை. விஜயா நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள், மத்தியானம் பொறுக்கிய அரிசி மடியிலேயே இருந்தது.

“ஏம்மா விளக்கேத்தல?”

“நகராதன்னு சொன்னீங்களேப்பா.”

சொல்லிவிட்டுத் தங்கையைப் பார்த்தாள். அப்போதுதான் அழுதாள். சாரதாம்பாள் இரண்டு பேரையும் அணைத்துக்கொண்டாள். மூத்தவளின் கால் மரத்துப் போயிருந்தது. தூக்கித்தான் உள்ளே கொண்டுபோக வேண்டியிருந்தது.

“மாமா எங்கம்மா?” என்றாள் மல்லிகா. “மாமா வரலையா?”

சாரதாம்பாளின் கை அப்படியே நின்றது.

அவனுக்கு யாரும் சொல்லவில்லை. பிள்ளை கிடைத்துவிட்டாள் என்று தெங்கேராவுக்குப் போய்ச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கருணாகரன் மீண்டும் சைக்கிளை எடுப்பதற்குள், வேலிக்கு அந்தப் பக்கம் சிட்டி வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து இறங்கினார். தெங்கேரா வழியாகத்தான் வந்தாராம். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “பாசிகால் அடா. ஓராங் தடா.”

சைக்கிள் இருக்கிறது. ஆள் இல்லை.

அந்த நேரத்தில் யார் யார் எங்கே இருந்தார்கள் என்பதைச் சொல்லி நிறுத்துகிறேன். மல்லிகா கம்பளிக்குள் காய்ச்சலோடு படுத்திருந்தாள். சிப்பி கீறிய பாதத்தில் மஞ்சள் பற்று. விஜயா அவள் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். கருணாகரன் ஈரச் சிலுவாரோடு தெங்கேராவை நோக்கிச் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தான். சாரதாம்பாள் சமையலறையில், மத்தியானம் வாய் திறந்து மூடிய அதே இடத்தில் நின்றிருந்தாள். தேவதாஸின் சைக்கிள் தெங்கேரா கடலோரத்து மதிலில் சாய்ந்திருந்தது. அவன் சட்டை கைப்பிடியில் தொங்கியது. கடல் மதிலைத் தொட்டுவிட்டிருந்தது.